புது எஸ்யூவிக்கு எங்க பேசினா விலை குறையும்: பக்கத்து ஷோரூமா, நாலு டீலர் கொட்டேஷனா, டிசம்பர் வரைக்கும் வெயிட்டிங்கா?

எந்த வண்டின்னு முடிவாயிடுச்சு, கலர் கூட வீட்ல சண்டை போட்டு முடிச்சாச்சு, ஆனா எங்க வாங்கறது, எப்ப வாங்கறதுங்கற இடத்துல தான் நிறைய குடும்பம் காசை கோட்டை விடுது. தண்டையார்பேட்டைல எங்க அக்கா வீட்டுக்கு வண்டி எடுக்கும்போதும், பெரம்பூர்ல ஒரு ஃப்ரெண்டுக்கு எடுக்கும்போதும் கூடவே உக்காந்து பேசினேன், அதுல எனக்கு புரிஞ்சத நேரா சொல்லிடறேன். டிஸ்கவுண்ட்ட பத்தி பேசாதீங்க, ஆன்ரோடு மொத்தத்த, அதாவது டேக்ஸ், இன்சூரன்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன் எல்லாம் சேத்து நீங்க கட்டற மொத்தத்த பத்தி மட்டும் பேசுங்க. ஏன்னா ஒரு லைன்ல நாப்பதாயிரம் குறைச்சுட்டு, இன்சூரன்ஸ்ல பதினஞ்சு, ஹேண்ட்லிங்ல பத்து, ஆக்சஸரீஸ்ல பதினஞ்சுன்னு அதே நாப்பதாயிரத்த திரும்ப எடுத்துக்க முடியும், நீங்களும் நாப்பதாயிரம் குறைச்சுட்டாங்கன்னு சந்தோஷமா வீட்டுக்கு வந்துடுவீங்க.

பேரத்துக்கு போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம், இது எந்த டீலர் குடுக்கற டிஸ்கவுண்ட்ட விடவும் பெருசு. தமிழ்நாட்டுல ரோடு டேக்ஸ் வண்டி விலைய பொறுத்து ஸ்லாப்ல போகுது, 2023 நவம்பர்ல மாத்தினாங்க, 5 லட்சத்துல இருந்து 10 லட்சம் வரைக்கும் 13 சதவீதம், 10 லட்சத்த தாண்டினா 20 லட்சம் வரைக்கும் 18 சதவீதம், அதுக்கு மேல 20. தாண்டின பணத்துக்கு மட்டும் இல்லங்க, முழு விலைக்கும். 9,95,000 ரூபா வண்டிக்கு டேக்ஸ் 1,29,350. அதே வண்டில ஒரு சன்ரூஃபுக்கோ பெரிய ஸ்க்ரீனுக்கோ ஆசைப்பட்டு 10,05,000 வேரியண்டுக்கு போனா டேக்ஸ் 1,80,900. பத்தாயிரம் ரூபா வித்தியாசத்துக்கு டேக்ஸ்ல மட்டும் 51,550 கூட. அதோட 10 லட்சத்துக்கு மேல போனா டிசிஎஸ்னு உங்க பேர்ல கட்டற வருமான வரியா 1 சதவீதம் டீலர் வாங்குவாங்க, அது இன்கம் டேக்ஸ் ரிட்டர்ன் போட்டா கழிச்சுக்கலாம், ரிட்டர்ன் போடாத வீட்டுக்கு அது போன காசு மாதிரி தான். அதனால உங்க பட்ஜெட் பத்து லட்சத்த ஒட்டி இருந்தா, முதல் பேரம் டீலர்கிட்ட இல்ல, வீட்ல, எந்த வேரியண்டுங்கறதுல.

இதே மாதிரி ஜிஎஸ்டி கணக்கும் தெரிஞ்சிருக்கணும். 2025 செப்டம்பர் 22ல இருந்து நாலு மீட்டருக்குள்ள நீளமும் பெட்ரோல்னா 1200 சிசிக்குள்ள, டீசல்னா 1500 சிசிக்குள்ள இன்ஜினும் இருந்தா 18 சதவீதம், அத தாண்டினா 40. அதனால தான் டாடா நெக்ஸான், ஹூண்டாய் வென்யூ, மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ எல்லாம் 18ல வருது, மாருதி பிரெஸ்ஸா நாலு மீட்டருக்குள்ள இருந்தாலும் 1462 சிசி பெட்ரோல் இன்ஜின்ங்கறதால 40ல உக்காந்திருக்கு, க்ரெட்டா நீளத்துலயே வெளிய போயிடுது. இது விலைல ஏற்கனவே சேர்ந்து தான் வருது, நீங்க பேசி குறைக்கற விஷயம் இல்ல, ஆனா அந்த தேதிக்கு முன்னாடி வாங்கின சொந்தக்காரர் யாராவது "நான் இவ்ளோக்கு வாங்கினேன்"னு சொன்னா அந்த நம்பர வச்சு பேரம் பேசாதீங்க, ரெண்டும் வேற வேற கணக்கு.

சரி, இப்ப வழிகளுக்கு வருவோம்.

முதல் வழி பக்கத்து ஷோரூம். நம்ம வட சென்னைக்காரங்களுக்கு மாதவரம், ரெட்டேரி, கொளத்தூர் இருநூறடி ரோடு பக்கம், இல்லன்னா அண்ணா நகர், அம்பத்தூர். இதுல இருக்கற நல்லது என்னன்னா டெஸ்ட் டிரைவுக்கு வண்டிய உங்க தெருவுக்கே கொண்டு வர சொல்லலாம், இத கண்டிப்பா செய்யுங்க. ஷோரூம் வாசல்ல அகலமான ரோட்டுல ஓட்டிப் பாக்கறதுல ஒண்ணும் தெரியாது. பழைய வண்ணாரப்பேட்டை சந்துல ரெண்டு பக்கமும் பைக் நிக்க, எதிர்ல ஒரு குட்டியானை வரும்போது கண்ணாடிய மடக்காம போக முடியுதான்னு பாருங்க, எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலைல கன்டெய்னர் ட்ரெய்லர் பக்கத்துல போகும்போது டிரைவர் சீட்ல இருந்து பின்னாடி எவ்ளோ தெரியுதுன்னு பாருங்க. அக்கா வீட்ல பெரிய வண்டி மேல தான் ஆசை, தெருவுக்குள்ள ஒரு தடவ கொண்டு வந்ததும் மாமாவே நாலு மீட்டர் வண்டி போதும்னு சொல்லிட்டாரு, அந்த ஒரு முடிவுல மிச்சமான காசு வேற எந்த பேரத்துலயும் மிச்சமாகல.

ஆனா விலைன்னு வந்தா ஒரே ஷோரூம நம்பி போறது வீக்கான வழி. நீங்க வேற எங்கயும் கேக்கலன்னு அவங்களுக்கு தெரிஞ்சிடும், ரெண்டு நாள்ல போன் மேல போன் வரும், "சார் இன்னிக்கு புக் பண்ணா தான் இந்த ஆஃபர்"னு. தெரிஞ்சவர் மூலமா போனா நல்லா குறைப்பாங்கன்னு நம்மாளுங்களுக்கு ஒரு நம்பிக்கை இருக்கு, எனக்கு அது அவ்வளவா இல்ல. தெரிஞ்சவர் மூலமா போனா மரியாதை கிடைக்கும், காபி கிடைக்கும், ஆனா கறாரா பேச வாய் வராது.

ரெண்டாவது வழி நாலு டீலர்கிட்ட கொட்டேஷன் வாங்கறது. நான் யார் கேட்டாலும் இத தான் சொல்வேன். ஒரே பிராண்டுக்கு சென்னைல பல டீலர் இருக்காங்க, திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கமும் இருக்காங்க, எக்ஸ் ஷோரூம் விலை (ரோடு டேக்ஸ், இன்சூரன்ஸ் சேக்காத விலை) கம்பெனி சொல்றது, ரோடு டேக்ஸ் கவர்மென்ட் சொல்றது, ரெண்டும் தமிழ்நாடு முழுக்க ஒண்ணு தான். அப்போ வித்தியாசம் எங்க இருக்குன்னா டீலர் தன் கைல இருந்து விடற காசுலயும், மேல போடற சார்ஜுலயும் தான். எந்த டீலர்கிட்ட வாங்கினாலும் வண்டி உங்க அட்ரஸுக்கான ஆர்டிஓல ரிஜிஸ்டர் ஆகும், சர்வீஸ் அந்த பிராண்டோட எந்த சர்வீஸ் சென்டர்ல வேணா விடலாம், "எங்ககிட்ட வாங்கலன்னா சர்வீஸ் சரியா பண்ண மாட்டாங்க"ன்னு யாராவது சொன்னா அத காதுல போட்டுக்காதீங்க.

எப்படி கேக்கறதுன்னா, எல்லாருக்கும் ஒரே மெசேஜ் வாட்ஸ்அப்ல அனுப்புங்க. மாடல், வேரியண்ட், ஃப்யூயல், கியர், கலர், எல்லாம் ஒண்ணா இருக்கணும். எக்ஸ் ஷோரூம், டிஸ்கவுண்ட், ரோடு டேக்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக், மத்த சார்ஜ், ஒவ்வொண்ணும் தனித்தனி லைனா, கடைசில கட்ட வேண்டிய மொத்தம்னு பிடிஎஃப்பா அனுப்புங்கன்னு கேளுங்க. பாதி பேர் "நேர்ல வாங்க சார் பேசிக்கலாம்"னு தான் சொல்வாங்க. எழுத்துல குடுக்கறவங்கள மட்டும் லிஸ்ட்ல வைங்க.

அக்கா வீட்டுக்கு வந்த ஒரு கொட்டேஷன்ல டிஸ்கவுண்ட் லைன் பெருசா போல்டா இருந்துச்சு. கீழ போனா ஹேண்ட்லிங் சார்ஜ், அதுக்கு கீழ "எசென்ஷியல் கிட்", அதுல என்னன்னு கேட்டா ஃப்ளோர் மேட், மட் ஃப்ளாப், கார் கவர், ஒரு பெர்ஃப்யூம் பாட்டில். அதுக்கு கீழ டெஃப்லான் கோட்டிங், நாங்க கேக்கவே இல்ல. மாமா அந்த பேப்பர திருப்பி வச்சுட்டு, "தம்பி, டிஸ்கவுண்ட் இருக்கட்டும்பா, சாவி கைல வர வரைக்கும் மொத்தமா நான் எவ்ளோ கட்டணும், அத ஒரே நம்பரா எழுதிக் குடு"ன்னாரு. அந்த பையன் மேனேஜர பாத்துட்டு வரேன்னு உள்ள போயிட்டு வந்து அந்த எசென்ஷியல் கிட் லைன எடுத்துட்டான், ஹேண்ட்லிங்க எடுக்கல. அப்போ இன்னொரு டீலரோட பிடிஎஃப்ப மாமா மொபைல்ல காட்டினாரு, அதுல ஹேண்ட்லிங் லைனே இல்ல. கம்பெனி அறிவிக்கற எக்ஸ் ஷோரூம் விலைலயே வண்டி ஷோரூம் வந்து சேர்ற செலவு அடங்கிடுது, அதுக்கு தனியா எதுக்கு காசுன்னு அமைதியா கேட்டாரு. அதுவும் போச்சு. கத்தல, சண்டை போடல, அடுத்த டீலரோட பேப்பர் கைல இருந்துச்சு, அவ்ளோ தான். மேட்டு, சீட் கவரெல்லாம் அப்பறமா மவுண்ட் ரோடு பக்கத்துல ஜிபி ரோட்டுல போட்டுக்கிட்டாங்க, அங்க கடைக்கு கடை விலை கேட்டு வாங்கலாம்.

ஒரு எச்சரிக்கை, கொட்டேஷன ஒருத்தர்கிட்ட காட்டி இன்னொருத்தர்கிட்ட குறைக்கறத முடிவே இல்லாம இழுக்காதீங்க. ஒரு ரவுண்டு, ரெண்டு ரவுண்டு போதும். இந்த நம்பருக்கு குடுத்தா இன்னிக்கே புக்கிங் போடறேன்னு சொல்லி, குடுத்தா நிஜமாவே போடுங்க. சேல்ஸ் பண்றவங்களும் டார்கெட்டுக்கு ஓடற பசங்க தான், வார்த்தை மாறாத கஸ்டமருக்காக அவங்க மேனேஜர்கிட்ட போய் நிப்பாங்க.

பாண்டிச்சேரில ரிஜிஸ்டர் பண்ணா டேக்ஸ் கம்மின்னு ஒரு பேச்சு எப்பவும் ஓடும். அங்க உங்களுக்கு நிஜமான அட்ரஸ் இல்லன்னா அந்த பக்கமே போகாதீங்க, வெளி மாநில நம்பர் வண்டிய ஒரு வருஷத்துக்கு மேல இங்க வச்சிருந்தா இங்க மாத்தி ரிஜிஸ்டர் பண்ணி டேக்ஸ் கட்டணும்னு மோட்டார் வாகன சட்டமே சொல்லுது.

இன்னொண்ணு, ஐசிஎஃப், ஹார்பர், மணலி சிபிசிஎல், பேங்க், கவர்மென்ட் ஸ்கூல்னு வேலை பாக்கறவங்க வீட்ல இருந்தா கார்ப்பரேட் டிஸ்கவுண்ட் உண்டான்னு ஐடி கார்ட காட்டி கேளுங்க, கேக்காம அவங்களா சொல்றது கம்மி. ராணுவத்துல இருந்தவங்க வீட்ல இருந்தா சிஎஸ்டி கேன்டீன் விலைய முதல்ல விசாரிங்க, தகுதி இருந்துச்சுன்னா மத்த வழியெல்லாம் அதுக்கு அப்பறம் தான்.

மூணாவது வழி காத்திருக்கறது. நம்ம ஊர்ல இதுக்கு ஒரு தனி வசதி இருக்கு. ஆடில யாரும் புது வண்டி எடுக்க மாட்டாங்க, மார்கழிலயும் நிறைய வீட்ல எடுக்க மாட்டாங்க, தை பொறக்கட்டும்னு இருப்பாங்க. மார்கழி பாதி டிசம்பர்ல வருது, அந்த டிசம்பர்ல தான் டீலருக்கு வருஷக் கடைசி ஸ்டாக்க தள்ளணும்ங்கற அவசரம். வாங்கறவங்க கம்மி, விக்கறவருக்கு அவசரம், இந்த ரெண்டும் ஒண்ணா வர மாசம் வேற இல்ல. சாஸ்திரம் பாக்கற வீடா இருந்தா மார்கழி பொறக்கறதுக்கு முன்னாடி, டிசம்பர் முதல் பாதிலயே டெலிவரிய முடிச்சுடலாம், இல்ல பேசி விலைய எழுதி வாங்கி புக் பண்ணிட்டு தை பொறந்ததும் எடுக்கலாம், ஆனா தைல எடுத்தாலும் இதே விலை தான்னு புக்கிங் ஃபார்ம்ல எழுதி சைன் வாங்கிடுங்க, ஜனவரில கம்பெனிங்க விலை ஏத்தறது வழக்கம். ஆயுத பூஜை, தீபாவளி நேரத்துல ஆஃபர்னு பெரிய போர்டு இருக்கும், கூட்டமும் இருக்கும், நல்லா ஓடற மாடல்னா அப்போ பேரம் பேச உங்களுக்கு இடமே இருக்காது.

காத்திருக்கறதுல ஒரு இழப்பும் இருக்கு. டிசம்பர்ல வாங்கற வண்டி ஜனவரில போன வருஷத்து வண்டி ஆயிடும், ஆர்சில தயாரிச்ச மாசமும் வருஷமும் இருக்கும், விக்கும்போது வாங்க வரவர் அத தான் முதல்ல பாப்பாரு. எட்டு பத்து வருஷம் வச்சு ஓட்டற குடும்பத்துக்கு இது பெருசா தெரியாது, அப்படிப்பட்டவங்க தாராளமா டிசம்பர் ஸ்டாக் எடுக்கலாம். மூணு நாலு வருஷத்துல மாத்தறவங்கன்னா டிஸ்கவுண்ட் ரொம்ப பெருசா இருந்தா மட்டும் எடுங்க. ரெண்டு பேருமே கம்பெனி வண்டியோட குடுக்கற ஃபார்ம் 22ங்கற சர்டிஃபிகேட்ல எந்த மாசம் தயாரிச்ச வண்டின்னு பாக்காம பணம் கட்டாதீங்க, யார்டுல ஆறு மாசம் வெயில்ல நின்ன வண்டிக்கும் போன மாசம் ஃபேக்டரில இருந்து வந்த வண்டிக்கும் ஒரே விலை குடுக்க வேண்டிய அவசியம் இல்ல.

மூணு வழிக்கும் பொதுவா ஒரு வேலை இருக்கு, பழைய வண்டி, இன்சூரன்ஸ், லோன், இந்த மூணையும் புது வண்டி விலைல இருந்து பிரிச்சு வைக்கறது. டீலர் எல்லாத்தையும் ஒண்ணா கலந்து தான் பேசுவாரு, சாம்பார் சாதம் மாதிரி கலந்துட்டா எதுல எவ்ளோ போச்சுன்னு உங்களால எடுத்துப் பாக்க முடியாது.

பழைய வண்டிய முதல்ல வெளில ரெண்டு இடத்துல காட்டி விலை கேட்டு வைங்க. சும்மா ஒரு கணக்குக்கு, வெளில 2,60,000 குடுக்கறாங்க, டீலர் 2,25,000 பிளஸ் 25,000 எக்ஸ்சேஞ்ச் போனஸ்னு சொல்றாரு, போனஸோட சேத்தாலும் வெளில தான் பத்தாயிரம் கூட. ஆனா அந்த பத்தாயிரத்துக்காக ஆர்சி பேர் மாறுதா இல்லையான்னு மாசக்கணக்கா அலையணும்னா டீலருக்கே குடுத்துடலாம், அது என் கருத்து. யாருக்கு குடுத்தாலும் தேதி, நேரம் போட்டு டெலிவரி நோட் வாங்குங்க. பழைய வண்டில க்ளெய்ம் பண்ணாம சேத்து வச்ச நோ க்ளெய்ம் போனஸ் இருந்தா அது வண்டிக்கு சொந்தம் இல்ல, உங்களுக்கு சொந்தம், அதிகபட்சம் 50 சதவீதம் வரைக்கும், புது வண்டியோட ஓன் டேமேஜ் (நம்ம வண்டிக்கு ஆகற சேதத்துக்கான இன்சூரன்ஸ்) பிரீமியத்துல அத கழிச்சுக்கலாம். வித்த பேப்பர காட்டி பழைய இன்சூரன்ஸ் கம்பெனில சர்டிஃபிகேட் வாங்கணும், மூணு வருஷத்துக்குள்ள பயன்படுத்தணும். இத எந்த சேல்ஸ்மேனும் தானா சொல்லி நான் கேட்டது இல்ல.

இன்சூரன்ஸ் டீலர்கிட்ட தான் எடுக்கணும்னு எந்த கட்டாயமும் கிடையாது. புது காருக்கு தேர்ட் பார்ட்டி (அடுத்தவங்களுக்கு ஆகற சேதத்துக்கான இன்சூரன்ஸ்) மூணு வருஷத்துக்கு சேத்து எடுக்கணும், அது 2018 செப்டம்பர்ல இருந்து ரூல், ஓன் டேமேஜ் ஒரு வருஷத்துக்கு எடுத்தா போதும். வெளில அதே ஐடிவி (வண்டிக்கு இன்சூரன்ஸ்ல போடற மதிப்பு), அதே ஆட் ஆன் (கூடுதலா எடுக்கற கவர்) போட்டு ஒரு கொட்டேஷன் எடுத்து டீலர் முன்னாடி வைங்க, நிறைய தடவ அவங்களே இறங்கி வருவாங்க. "எங்க இன்சூரன்ஸ் எடுத்தா தான் டிஸ்கவுண்ட்"னு சொன்னா கோவப்படாம ரெண்டு மொத்தத்தையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க, எது கம்மியோ அது.

ஆனா பிரீமியம் குறையுதுன்னு இன்ஜின் ப்ரொட்டெக்ஷன் ஆட் ஆன மட்டும் வேண்டாம்னு விட்டுடாதீங்க, இத கெஞ்சி கேட்டுக்கறேன். நம்ம ஏரியால இருந்துக்கிட்டு அது இல்லாம இருக்க முடியாது. 2015 டிசம்பர் பாத்தோம், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்தப்ப எர்ணாவூர் பக்கம் வெள்ளத்தோட எண்ணெயும் சேந்து வீட்டுக்குள்ள வந்தத பாத்தோம், சாதாரண மழைக்கே கணேசபுரம் சப்வே, புளியந்தோப்பு, பட்டாளம் எல்லாம் என்ன ஆகும்னு நமக்கு தெரியும். தண்ணில நின்ன வண்டிய ஸ்டார்ட் பண்ணி இன்ஜினுக்குள்ள தண்ணி போயிட்டா சாதாரண பாலிசில அந்த இன்ஜின் செலவுக்கு க்ளெய்ம் கிடைக்கறது கஷ்டம், எஸ்யூவி உயரமா இருக்கறதால ஒண்ணும் ஆகாதுன்னு நம்பி உள்ள விடறவங்களுக்கு தான் இந்த செலவு வருது. பார்ட்ஸ் தேய்மானத்த கழிக்காம க்ளெய்ம் குடுக்கற ஜீரோ டெப்ரிசியேஷனும் முதல் சில வருஷத்துக்கு வச்சுக்கங்க.

லோன்ல வட்டி சதவீதத்த மட்டும் பாக்காம வருஷத்தையும் பாருங்க. 10 லட்சம், 9 சதவீதம், 5 வருஷம்னா ஈஎம்ஐ சுமார் 20,758, மொத்த வட்டி 2.46 லட்சம் கிட்ட வரும். அதையே 7 வருஷமாக்கினா ஈஎம்ஐ சுமார் 16,089, கேக்க நல்லா இருக்கும், ஆனா வட்டி 3.51 லட்சம். நீங்க மூணு நாள் கஷ்டப்பட்டு பேசி குறைச்ச மொத்தமும் அந்த ரெண்டு வருஷத்துல போயிடும். சம்பளம் வர பேங்க்ல முதல்ல கேட்டு ஒரு சாங்ஷன் கைல வச்சுக்கிட்டு ஷோரூமுக்கு போங்க, டீலர் சொல்ற பேங்க் அத விட குறைவா குடுத்தா, பிராசஸிங் ஃபீயையும் சேத்து கணக்கு போட்டு அங்கயே எடுத்துக்கலாம், அதுல தப்பில்ல. சொந்த உபயோகத்துக்கு எடுத்த ஃப்ளோட்டிங் ரேட் (வட்டி ஏறி இறங்கற) லோன முன்கூட்டியே கட்டி முடிச்சா பேங்க் அபராதம் போடக்கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் ரூல் இருக்கு, சீட்டு எடுத்தோ போனஸ் வந்தோ சீக்கிரம் முடிக்க நெனைக்கறவங்க ஃபிக்ஸடா ஃப்ளோட்டிங்கான்னு கேட்டுட்டு கையெழுத்து போடுங்க.

அப்போ யாருக்கு எது? அவசரம் இல்லாத, வண்டிய ரொம்ப வருஷம் வச்சுக்கற குடும்பம்னா நாலு கொட்டேஷனும் டிசம்பரும் சேந்த வழி. பிரசவம், ஆஸ்பத்திரி, ஸ்கூல்னு உடனே வண்டி தேவைப்படறவங்க மாசக் கடைசி வாரத்துல மூணு டீலர்கிட்ட கேட்டு முடிச்சுடுங்க, அந்த வாரத்துல டார்கெட்டுக்கு ஒண்ணு ரெண்டு வண்டி குறையற டீலர் யாராவது இருப்பாங்க. வெயிட்டிங் பீரியட் ஓடற புது மாடல் தான் வேணும்னா டிஸ்கவுண்ட் எதிர்பாக்காதீங்க, ஹேண்ட்லிங்கையும் கிட்டையும் எடுக்க வைக்கறது, இன்சூரன்ஸ வெளில எடுக்கறது, அங்க தான் உங்க மிச்சம். வயசானவங்க மட்டும் இருக்கற வீடு, பேப்பர் வேலைக்கு ஓட ஆள் இல்லன்னா பக்கத்து ஷோரூம்லயே வாங்குங்க, பத்தாயிரம் கூட போனாலும் பரவால்ல, ஆனா அங்க போகறப்பவும் வேற ஒரு டீலர் கொட்டேஷன் கைல இருக்கட்டும்.

புக்கிங் தொகைய சின்னதா வைங்க, கேன்சல் பண்ணா திரும்ப வருமான்னு ரசீதுலயே எழுத சொல்லுங்க. பணம் எல்லாம் டீலர்ஷிப் பேர்ல இருக்கற அக்கவுண்டுக்கு மட்டும் போகணும், சேல்ஸ்மேன் நம்பருக்கு ஆயிரம் ரூபா கூட ஜிபே பண்ணாதீங்க. மீதி பணம் கட்டறதுக்கு முன்னாடி, ரிஜிஸ்ட்ரேஷனுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி, யார்டுல நிக்கற வண்டிய பகல் வெளிச்சத்துல போய் பாருங்க. சேசிஸ் நம்பர் இன்வாய்ஸ்ல இருக்கறது தானா, ஓடோமீட்டர்ல எவ்ளோ ஓடியிருக்கு, டயர்ல இருக்கற நாலு இலக்கம் எந்த வாரம் எந்த வருஷம், நாலு கதவு இடுக்கும் ஒரே அளவா இருக்கா, பெயின்ட்ல ஷேடு மாறுதா, ஸ்டெப்னி, ஜாக்கி, ரெண்டு சாவியும் இருக்கா. ஒரு கீறல் இருந்தாலும் வேற வண்டி கேளுங்க, நம்பர் விழுந்துட்டா அப்பறம் டச்சப் பண்ணித் தரேன்னு தான் சொல்வாங்க.